அயர்லாந்துப் பிரபுவுக்கு ஒரு மழை

“அடுத்ததைக் கேளு. ‘பிறந்தார், மணந்தார், வழக்காடினார், இறந்தார். இதற்கிடையில் இந்த மனிதர் ஒரு முறையாவது ஜன்னல் வழியே வெளியே பார்த்ததில்லையா?’ எப்படி இருக்கு?”

“அந்தாளு ஜன்னல் வழியாப் பார்த்தா உங்களுக்கென்ன, பார்க்காட்டி உங்களுக்கென்ன,” என்றாள் அக்கா, துணிகளை மடித்துக்கொண்டே.

“அதையேதான் நானும் கேக்கறேன். இன்னும் இருக்கு. ‘கட்டுரை முழுவதும் தேடினாலும் ஒரு துளி மழை இல்லை. அயர்லாந்தா இது?’”

மாமா தன் கட்டுரைக்கு வந்திருந்த குறிப்புக் காகிதத்தைப் புறங்கையால் ஒரு தட்டுத் தட்டினார். மேசையின் மறுமுனையில் அவன் குடித்துக்கொண்டிருந்த காப்பி மூக்கு வழியாக வந்தது. ‘அயர்லாந்தா இது?’ என்று எழுதி முடித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்து தன்னைத் தானே மெச்சிக்கொண்டது அவனுக்கு நன்றாகவே நினைவிருந்தது. அதற்காக ஒரு சமோசா கூட வாங்கிச் சாப்பிட்டிருந்தான்.

“மெதுவாடா தம்பி,” என்று அக்கா அவன் தலையில் தட்டினாள்.

வீட்டில் அவன் தம்பி. அலுவலகத்தில் அவனுக்குப் பெயர் பனிமூட்டம். கலைக்களஞ்சியம் ஒன்றில் கட்டுரை மதிப்பீட்டாளர் வேலை. சேர்ந்து ஒரு வருடம் கூட ஆகவில்லை. வெளியிலிருந்து வரும் கட்டுரைகளைப் படித்து, எங்கே சரியில்லை, எதைத் திருத்த வேண்டும் என்று குறிப்பு எழுதி அனுப்ப வேண்டும். எழுதியவர் யார் என்று மதிப்பீட்டாளருக்குத் தெரியாது. மதிப்பிட்டவர் யார் என்று எழுதியவருக்குத் தெரியாது. பெயரை மறைத்து எண் மட்டும் போட்டுத்தான் எல்லாம் போகும், வரும். முகதாட்சண்யம் பார்க்கக் கூடாது என்பதற்காக ஏற்பட்ட முறை அது. அவன் அதை வேறு மாதிரி புரிந்துகொண்டிருந்தான்: முகம் தெரியாத இடத்தில் எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம்.

மொழிபெயர்ப்பு நாவல்களாகப் படித்துத் தள்ளியதில் அவன் மண்டைக்குள் நிரந்தரமாக ஒரு கடுங்குளிர் இருந்தது. வெயில் மண்டையைப் பிளக்கும் நாளிலும் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டுதான் பேருந்துக்கு நிற்பான். பார்த்தேயிராத ஊர்களின் ரயில் நிலையங்களில் யாரையோ வழியனுப்பிவிட்டு வந்தவன் போன்ற ஒரு முகம். கட்டுரை எதுவானாலும் அதில் கொஞ்சம் மூட்டத்தைப் போட்டால்தான் அவனுக்குத் திருப்தி. நத்தையைப் பற்றிய கட்டுரைக்கு ‘நத்தையின் மனநிலை?’ என்று ஓரத்தில் எழுதி அனுப்பினான். அதை எழுதியவர் யாரோ, பதில் அனுப்பவே இல்லை. பட்டப்பெயர் அன்று வந்ததுதான்.

இப்போது வந்திருப்பது நத்தை இல்லை. மாமா.

அக்காவின் கணவர் லிஃப்ட் ஆய்வாளர். கட்டடம் கட்டடமாகப் போய்க் கம்பியையும் கதவையும் சோதித்து, ‘பயன்படுத்தத் தகுந்தது’ என்று கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார். ஊரில் பாதி லிஃப்டுகளுக்குள் அவர் கையெழுத்து கண்ணாடிச் சட்டத்துக்குள் மாட்டியிருக்கிறது. ஏறுகிறவர்கள் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலிருக்க அதைத்தான் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். ஆனால் யாரும் படித்ததில்லை. “பார்க்கறான், படிக்க மாட்டேங்கறான்” என்பது மாமாவின் நெடுநாள் குறை. கலைக்களஞ்சியத்தில் கட்டுரையின் அடியில் எழுதியவர் பெயர் வரும் என்று மைத்துனன் வாயிலாகவே கேள்விப்பட்டு, அவனுக்கே தெரியாமல், ஆளில்லாமல் கிடந்த தலைப்புகளில் ஒன்றை எடுத்திருக்கிறார். யாரும் தொடாமல் விட்ட ஓர் அயர்லாந்துப் பிரபு. முந்நூறு வருடத்துக்கு முந்தைய ஆள். சதுப்பு நிலத்தில் வடிகால் வெட்டினார், நாடாளுமன்றத்தில் உட்கார்ந்து வாயே திறக்கவில்லை, பக்கத்து எஸ்டேட்காரரோடு ஒரு மதிலுக்காக ஆயுள் முழுக்க வழக்காடித் தோற்றார், செத்தார்.

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மாமா,” என்றான், மூக்கைத் துடைத்துக்கொண்டு.

“சொன்னா மச்சினன் சிபாரிசும்பாங்க. என் தலையெழுத்து, நேர்வழியில போய் இந்தக் கிறுக்கன்கிட்ட மாட்டினேன்.” மாமா காகிதத்தைக் கவிழ்த்து வைத்தார். “ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன் மாப்ளே. புத்தகம் வந்ததும் எனக்கு விருந்து குடுக்கறதாப் பேச்சு. இப்ப வேணாம்னு கட்டுரையைத் திருப்பி வாங்கிடலாமான்னு பார்க்கறேன்.”

அந்த நேரத்தில் அவன் சொல்லியிருக்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான். ஆனால் ‘கிறுக்கன்’ என்ற சொல் அவனுக்குள் எங்கேயோ தைத்துவிட்டது. மாட்டிக்கொள்வோம் என்ற பயத்தைவிட, தன் குறிப்புக்கு மரியாதை கிடைக்கவில்லையே என்ற வருத்தம் பெரிதாக இருந்தது.

“இல்ல மாமா. அந்த மதிப்பீட்டாளர் சொல்றதுலயும் ஒரு விஷயம் இருக்கு,” என்று அவன் வாய் சொல்லிக்கொண்டிருந்தது. “ஆழமா படிக்கிற ஆள் மாதிரி தெரியுது. அவர் கேட்டதைச் செஞ்சு பாருங்களேன்.”

அக்கா அவனை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு தலையணை உறையை உதறி மடித்தாள்.

மாமா கேட்டதைச் செய்கிற மனிதர். அன்று மாலையே மைத்துனனின் அலமாரியிலிருந்து நாவல்களை இறக்கி, எது எதில் மழை வருகிறது என்று கேட்டு வாங்கிப் படிக்க ஆரம்பித்தார். அடுத்த சில வாரங்கள் வீடு ஒரு மாதிரி ஆகிவிட்டது. பருப்பு தாளிக்கிற நேரத்தில் சமையலறை ஜன்னலருகே போய் நின்று, “வெளியில என்ன இருக்குன்னு பார்க்கறேன்” என்பார். “எதிர்வீட்டு தண்ணித் தொட்டி இருக்கு, தள்ளுங்க” என்பாள் அக்கா. லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்ட ஒருவரை விடுவித்துவிட்டு வந்த நாளில், “தனியா அரைமணி நேரம் உள்ள இருந்திருக்கான் மாப்ளே, அவன் முகத்தைப் பார்த்ததும் எனக்குப் பிரபு ஞாபகம் வந்துட்டார்” என்றார். அவனோ ஓர் எழுத்தாளனை உருவாக்கிவிட்ட பெருமிதத்தில், காலரை இன்னும் கொஞ்சம் தூக்கிவிட்டுக்கொண்டு திரிந்தான்.

திருத்திய கட்டுரை அவன் மேசைக்கே வந்தது. பெயர் இல்லாமல், எண்ணோடு.

‘பிரபு ஜன்னலருகே நின்றார். ஜன்னல் நல்ல நிலையில் இருந்தது. வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. மழையில் குறை எதுவும் காணப்படவில்லை.’

அவன் கண்ணை மூடித் திறந்தான். எழுத்து அப்படியே இருந்தது.

‘அவருடைய தனிமை அனுமதிக்கப்பட்ட அளவுக்கு மேலே போயிற்று.’

கலைக்களஞ்சியத்தில் ஒவ்வொரு செய்திக்கும் அது எங்கிருந்து கிடைத்தது என்று அடிக்குறிப்பு வேண்டும். மாமா அதிலும் குறை வைக்கவில்லை. ஜன்னலுக்கு அடிக்குறிப்பு: ‘ஆதாரம்: மதிப்பீட்டாளர்.’ மழைக்கு அடிக்குறிப்பு: ‘ஆதாரம்: மதிப்பீட்டாளர்.’ தனிமைக்கு: ‘மேற்படியார்.’ முந்நூறு வருடத்துக்கு முன் அயர்லாந்தில் பெய்த மழைக்கு, கிரீச்சிடும் நாற்காலியில் சமோசா தின்றுகொண்டிருந்த இவன் சாட்சி. சிரிப்பு வந்தது, அடுத்த நொடியே நின்றது. ‘அவர் சொல்றதுலயும் ஒரு விஷயம் இருக்கு, கேட்டதைச் செஞ்சு பாருங்க’ என்று மாமாவைத் தூண்டிவிட்டதும் அந்த ஆழமான ஆளேதான்.

கடைசிப் பத்தியில் மட்டும் ஒரு வாக்கியத்துக்கு அடிக்குறிப்பு இல்லை. அவன் குறிப்பில் கேட்காத வாக்கியம் அது.

‘பிரபு இறந்த அன்று காலை மழை பெய்தது, வழக்கில் ஜெயித்த பக்கத்து எஸ்டேட்காரர் தொப்பியைக் கையில் பிடித்தபடி வந்து, மதிலுக்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டிருந்தார்.’

அதை மூன்று தடவை படித்தான். இத்தனை நாவல்களைக் கரைத்துக் குடித்த தனக்கு ஏன் இப்படி ஒரு வரி தோன்றவில்லை என்ற பொறாமையில், அழவேண்டிய இடத்தில் அவன் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான்.

பிறகு எழுந்து போய்ப் பதிப்பாசிரியர் அம்மாளின் அறைக் கதவைத் தட்டினான். அலுவலகத்தில் அவருக்குக் கத்தரி என்று பெயர். வேண்டாத வரியை வெட்டுவதில் அவருக்கு இருந்த சந்தோஷம் வேறு எதிலும் இருந்ததாகத் தெரியவில்லை.

கத்தரி திருத்திய கட்டுரையைப் படித்தார். பழைய வடிவத்தை வாங்கிப் படித்தார். மறுபடி திருத்தியதை எடுத்தார்.

“முதல்ல வந்தது நல்லாத்தானே இருந்துச்சு. கொஞ்சம் காஞ்ச ரொட்டி, அவ்வளவுதான். இதுல தண்ணியைக் கொட்டினது யாரு?”

“நான்தான் மேடம்.”

“மழையில குறை எதுவும் காணப்படவில்லை,” என்று அவர் மெதுவாக வாசித்தார். உதட்டின் ஓரம் துடித்தது. “எழுதினவர் மேல தப்பில்ல. நீ கேட்டிருக்கே, அவர் குடுத்திருக்கார்.”

“இன்னொண்ணு மேடம். அவர் எங்க மாமா.”

கண்ணாடியைக் கழற்றினார். “எப்ப தெரியும்?”

“குறிப்பு அனுப்பினப்புறம். வீட்டுல உட்கார்ந்து எனக்கே படிச்சுக் காட்டினார்.”

“நீ என்ன பண்ணினே?”

“மதிப்பீட்டாளர் ஆழமான ஆள்னு சொன்னேன்.”

அவர் கண்ணாடியைப் புடவைத் தலைப்பால் துடைத்தார். சிரிப்பை அடக்குகிறாரா, வேலையை விட்டு எடுப்பதற்கு வாசகம் யோசிக்கிறாரா என்று அவனுக்குப் புரியவில்லை. இரண்டுமாகவும் இருக்கலாம்.

“இனிமே இந்தக் கட்டுரை உன்கிட்ட இல்ல, நானே பார்த்துக்கறேன். வெள்ளிக்கிழமை புத்தகம் அச்சுக்குப் போகுது. பழைய வடிவத்துக்கு அவர் சம்மதிச்சா அது வரும். ஆதாரமில்லாத ஒரு வரி இருந்தாலும் தலைப்போட சேர்த்து எடுத்துடுவேன். போய் நீயே சொல்லு. மழையைக் கொண்டுவந்தது நீதானே, குடையும் நீயே கொண்டு போ.”

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவன் வாக்குமூலத்தைத் தயார் செய்தான். மொழிபெயர்ப்பு நாவல்களில் இப்படிப்பட்ட இடம் வந்தால் ஒருவர் கணப்படுப்பின் அருகே நின்று நெருப்பைப் பார்த்தபடி பேசுவார். இவர்கள் வீட்டில் நெருப்பு என்று பார்த்தால் கேஸ் அடுப்புதான். அதில் பால் வைத்திருந்தது. அக்கா பக்கத்தில் நின்று காவல் காத்தாள். மாமா சாப்பாட்டு மேசையில் ஒரு லிஃப்டின் பூட்டைப் பிரித்துப் போட்டு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

“மாமா, கட்டுரையில இருக்கிற மழையெல்லாம் எடுக்கணுமாம். பழையதையே போடறாங்களாம். இல்லைன்னா வராதாம்.”

“அந்த மதிப்பீட்டாளர் சொன்னாரா?”

“அந்த மதிப்பீட்டாளர் நான்தான் மாமா.”

எண்ணெய்க் குப்பி சாய்ந்தது. மாமா நிமிர்த்தி வைத்தார். அடுப்படியிலிருந்து அக்காவின் குரல் வந்தது.

“எனக்கு அன்னைக்கே தெரியும். ஜன்னல் வழியா வெளியே பார்த்தாரான்னு வேற எவன் கேப்பான். சின்னதுல காணாமப் போன செருப்பைத் தேடச் சொன்னா, செருப்பு இப்ப என்ன நினைச்சுட்டிருக்கும்னு கேட்டவன்தானே இவன்.”

“அப்ப நீ ஏன் சொல்லல?” என்றார் மாமா.

“நீங்க சந்தோஷமா இருந்தீங்க.”

மாமா பூட்டின் நாக்கை உள்ளே தள்ளி, விட்டு, மறுபடி தள்ளிப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தவனுக்கு அந்தச் சத்தம் மட்டும் டக் டக் என்று கேட்டுக்கொண்டிருந்தது. திட்டினால் தேவலை என்றிருந்தது. அவன் காலர் எப்போதோ கீழே இறங்கியிருந்தது.

“ஆழமான ஆள்,” என்றார் மாமா கடைசியில்.

“மன்னிச்சுடுங்க மாமா.”

“ஜன்னலை எடுத்துக்கோ. தனிமையை எடுத்துக்கோ, எனக்கே அது என்னன்னு சரியாப் புரியல. நடுவுல பெய்யற மழை பூராவும் நீ கேட்டதுக்குப் பெய்ஞ்சது, அதையும் எடுத்துடு.” அவர் துணியை எடுத்துக் கையைத் துடைத்தார். ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். “அந்தக் கடைசி வரி, நீ கேட்காதது. லிஃப்டுக்கு வெளியே நின்னு, உள்ளே மாட்டினவன்கிட்ட பேசிட்டிருந்தப்ப எனக்காத் தோணினது. அந்தப் பக்கத்து எஸ்டேட்காரர் வந்திருப்பார் மாப்ளே. அத்தனை வருஷம் சண்டை போட்டவர் எப்படி வராம இருப்பார்?”

“அதுக்கு ஆதாரம் இல்ல மாமா. ஒரு வரி இருந்தாலும் மொத்தத்தையும் எடுத்துடுவேன்னு சொல்லியிருக்காங்க.”

“தெரியும். பார்க்காத எதுக்கும் நான் இதுவரைக்கும் கையெழுத்துப் போட்டதில்ல. ஒரு லிஃப்டுக்குக் கூட. இதுக்குப் போடறேன், ஆதாரம் நான்தான்னு எழுதிக்கோ.” மாமா சட்டைப் பையிலிருந்து, சான்றிதழ்களில் கையெழுத்திடும் அந்தப் பச்சை மைப் பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, எண்ணெய்க் கறைக்குத் தள்ளி அவன் பக்கமாக மேசைமேல் வைத்தார். “என் பேரு வர்றதும் வராததும் அப்புறம். அந்த ஒரு மழையை மட்டும் விட்டு வைக்கச் சொல்லி உங்க மேடத்துகிட்ட நீ கேளேன், மாப்ளே.”