பேச்சாயிக்கு வந்த கொட்டாவி

மாமனாரின் கருமாதி முடிந்து, வந்த சனமெல்லாம் ஊர் திரும்பிய பிறகுதான் சண்முகவள்ளி அதைக் கவனித்தாள். நாத்தனார் பேச்சாயி ஓயாமல் கொட்டாவி விட்டாள். தூக்கக் கொட்டாவி இல்லை. தாடை கழன்றுவிடும்போலப் பெரிது பெரிதாக, ஒன்று முடிவதற்குள் அடுத்தது வந்தது. கண்ணில் நீர் வழிந்தது, மூக்கு ஒழுகியது. அப்பனை நினைத்து அழுகிறாள் என்றார்கள். வள்ளிக்கு அங்கேதான் சந்தேகம் தட்டியது. துக்கத்தில் அழுகிறவர்களை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள். கொட்டாவி விடுகிறவர்களைப் பார்த்ததில்லை.

வள்ளி நத்தத்துப் பெண். வடமதுரைக்குப் பக்கத்தில் வெங்காயமும் மிளகாயும் போடுகிற இந்தக் குடும்பத்துக்கு வாழ்க்கைப்பட்டு ஒரு வருஷம் ஆகியிருந்தது. எதையும் ஏன், எப்படி என்று கேட்காமல் விடமாட்டாள். ஒரே பாத்தியில் ஒரு செடி மிளகாய் மட்டும் ஏன் அப்படி உறைக்கிறது என்று கேட்டுப் புருஷன் வேலுசாமியைத் திணறடிப்பாள். தெரியாததைத் தெரியாது என்று சொல்ல அவன் கூச்சப்பட மாட்டான். அதனால் இருவருக்கும் ஒத்துப்போனது.

மாமனார் கண்ணுசாமி பர்மாவில் மரக்கடையில் வேலை பார்த்தவர். யுத்தத்தில் ஜப்பான்காரன் குண்டு போட்டபோது காடும் மலையுமாக நடந்தே ஊர் வந்து சேர்ந்தார். வழியில் வயிற்றுப்போக்குக்கு யாரோ கொடுத்த அபின் அவருடனேயே வந்துவிட்டது. சர்க்காரில் அனுமதிச் சீட்டு வாங்கி, திண்டுக்கல் கடையிலிருந்து வாங்கிவந்து, ஒரு துணியில் முடிந்து இடுப்பில் வைத்திருப்பார். ஊருக்கே தெரிந்த சங்கதி. ஒதுங்கிக் கிடக்கிற மனுஷன், யாருக்கும் தொந்தரவில்லை என்று விட்டுவிட்டார்கள்.

இரண்டொரு நாளில் பேச்சாயியின் நிலை மோசமானது. சித்திரை வெயிலில் அவள் கையெல்லாம் புல்லரித்து, உரித்த கோழித்தோல் மாதிரி புள்ளி புள்ளியாக நின்றது. போர்த்திக்கொண்டாள். உடனே வேர்த்து ஊற்றி உதறினாள். குடித்த கஞ்சி தங்கவில்லை, வயிறும் நிற்கவில்லை. கால் தன்பாட்டுக்கு உதைத்துக்கொண்டது. பதினாறு வயசுப் பெண் கிழவியைப் போல முனகினாள். மாமியார் அய்யம்மாள் சந்தேகமே படவில்லை. செத்தவர் மகள்மேல் உசிராக இருந்தார், இப்போது கூப்பிடுகிறார் என்று முடிவுகட்டி, வருகிற அமாவாசைக்குப் பேயோட்டுகிற கோடாங்கியை வரச்சொல்லி ஆள் அனுப்பினாள்.

வள்ளி எதிர்த்துப் பேசவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். பேச்சாயியின் கண்ணில் கருமணி அகன்று, பட்டப்பகலில் இருட்டுக்குள் பார்ப்பவள்போல விரிந்திருந்தது. போன மாசமெல்லாம் அதே கண்ணில் கருமணி கடுகுபோலச் சுருங்கிக் கிடந்தது அவளுக்கு ஞாபகம் வந்தது. அப்போது ஒருநாள் விளையாட்டாகச் சொல்லவும் செய்திருந்தாள், உனக்கும் மாமாவுக்கும் ஒரே கண் என்று. பேச்சாயி அன்றைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள்.

அன்று உச்சிப்பொழுதில் படுக்கை காலியாக இருந்தது. வள்ளி தேடிப்போனாள். மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால், வைக்கோல் போரை ஒட்டிக் குந்தியிருந்த பேச்சாயி எதையோ வாயில் திணித்துச் சப்பிக்கொண்டிருந்தாள். இழுத்துப் பார்த்தால் கறுத்துப்போன ஒரு துணி. மாமனார் இடுப்பில் முடிந்துவைக்கிற துணி.

வள்ளி அதன் ஓரத்தை நாக்கில் வைத்துப் பார்த்தாள். கசப்பு ஒட்டிக்கொண்டு போகவே மாட்டேன் என்றது. கிழவர் கடந்துபோனால் வருகிற வாடை அதிலும் இருந்தது.

அடிப்பாள், இல்லாவிட்டால் கத்தி ஊரைக் கூட்டுவாள் என்று பேச்சாயி ஒடுங்கிக்கொண்டாள். வள்ளி பக்கத்தில் உட்கார்ந்து, எப்போதிருந்து என்று மட்டும் கேட்டாள்.

வயசுக்கு வந்த நாளிலிருந்து மாசாமாசம் வயிற்றுவலி அவளைச் சுருட்டிப் போடும் என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். ஒருநாள் வலி பார்க்கச் சகிக்காமல் அப்பாதான் கடுகளவு கிள்ளிக் கொடுத்தாராம். வலி போனது. பிறகு வலி இல்லாத நாளிலும் கேட்டாள். அவரும் மறுக்கவில்லை. அவர் செத்த பிறகு மிச்சமிருந்ததைக் கருமாதி வரைக்கும் கிள்ளிக் கிள்ளித் தின்றிருக்கிறாள். அதோடு தீர்ந்தது.

"தின்னா எப்படி இருக்கும்?" என்று கேட்டாள் வள்ளி.

பேச்சாயி நிமிர்ந்து பார்த்தாள். கேலியில்லை, நிசமாகவே தெரிந்துகொள்ளத்தான் மதினி கேட்கிறாள் என்று புரிந்தது.

"குளிருல போர்வைய இழுத்து மூடுன மாதிரி இருக்கும் மதினி. இப்பப் போர்வையும் இல்ல, தோலும் இல்ல. காத்துப் பட்டாக்கூட வலிக்குது."

வள்ளி புருஷனிடம் மறைக்கவில்லை. என்ன செய்யலாம் என்று வேலுசாமி அவளையே கேட்டான். மறுநாள் காலை, வயிற்றுக்கு மருந்து வாங்கப் போவதாக மாமியாரிடம் சொல்லிவிட்டு, மூவரும் திண்டுக்கல் பஸ் ஏறினார்கள்.

ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டரம்மா பேச்சாயியின் கண்ணையும் கையையும் பார்த்தார். வள்ளி சொன்னதைப் பாதியிலேயே பிடித்துக்கொண்டார். இது பேயும் இல்லை, பிள்ளையின் திமிரும் இல்லை, உடம்பு அந்த மருந்துக்குப் பழகிவிட்டது என்றார். வள்ளி கேள்வியாகக் கேட்டாள். மூக்கு ஏன் ஒழுகுகிறது, கால் ஏன் உதைக்கிறது, இந்த வேதனையில் உயிர் போகுமா. டாக்டரம்மா சலிக்காமல் பதில் சொன்னார். உடம்பில் அபின் இத்தனை காலம் அமுக்கி வைத்திருந்ததெல்லாம் ஒரேயடியாக அவிழ்த்துக்கொண்டு வருகிறதாம். தண்ணீர் வற்றாமல் பார்த்துக்கொண்டால் உயிர் போகாது, ஆனால் போய்விட்டால் தேவலை என்று தோன்றும் என்றார். சில நாள் அங்கேயே படுக்கவைத்து, அபின் கலந்த மருந்தையே அளந்து கொடுத்து, தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்.

வீட்டுக்கு அனுப்பும்போது ஒன்றை அழுத்திச் சொன்னார். மருந்து குறைந்த உடம்பு பழைய அளவைத் தாங்காது. என்றைக்காவது பழையபடி எடுத்துத் தின்றால் தூங்குவதுபோலவே மூச்சு நின்றுபோகும்.

வீட்டில் குறைத்துக் குறைத்துக் கொடுக்கச் சொன்ன மீதி மருந்துப் புட்டி வள்ளியின் தகரப்பெட்டியில் பூட்டுக்குள் இருந்தது. அவள் உப்பும் சர்க்கரையும் போட்ட கஞ்சித்தண்ணீரைக் கிண்ணம் கிண்ணமாகப் புகட்டினாள். நல்லெண்ணெய் தேய்த்துக் காலைப் பிடித்துவிட்டாள். இன்றைக்கு எப்படி இருக்கிறது, நேற்றைக்கும் இன்றைக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். சில நேரம் பேச்சாயிக்கு எரிச்சல் வரும். சில நேரம் அவளே யோசித்து, முட்டியில் குடைச்சல் விட்டிருக்கிறது, முதுகில் விடவில்லை என்று பிரித்துச் சொல்லுவாள்.

மாமியாரிடம் சொல்ல வேண்டியிருந்தது. மிளகாய்க் களத்தில் வள்ளியே சொன்னாள். அய்யம்மாள் கை வேலையை நிறுத்தவில்லை.

"செத்த மனுசன என்னன்னு திட்டுறது?" என்றாள் கடைசியில்.

கோடாங்கியை வரவேண்டாம் என்று சொல்லியனுப்பினாள். ஆனால் மகளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. சோற்றை வைத்துவிட்டுப் போய்விடுவாள். தனக்குத் தெரியாமல் அப்பனும் மகளுமாகச் சேர்ந்து செய்ததுதான் அவளுக்கு ஆறவில்லை.

புட்டி காலியாகும் தறுவாயில், உடம்பு தேறிவருகிறது என்று எல்லாரும் நம்பிய நேரத்தில், பேச்சாயி காணாமல் போனாள். குளிக்கப் போவதாகச் சொன்னவள் பஸ் ஏறித் திண்டுக்கல் போயிருக்கிறாள். அங்கே பொம்மையன் என்று அப்பாவின் கூட்டாளி ஒருவர் இருந்தார். பர்மாவிலிருந்து உடன் நடந்துவந்தவர், அவரும் அபினுக்கு அனுமதிச் சீட்டு வைத்திருந்தவர். வயிற்றுவலி தாங்கவில்லை சித்தப்பா என்று சொல்லியிருக்கிறாள். நடந்த எதுவும் தெரியாத மனுஷன், செத்துப்போன சிநேகிதனின் மகளாயிற்றே என்று தன் பங்கிலிருந்து கிள்ளிக் கொடுத்துவிட்டார்.

சாயங்காலம் அவள் வீட்டுக்கு வந்தபோது நடை தள்ளாடியது. தூணில் சாய்ந்து உட்கார்ந்தாள். முகம் அமைதியாக இருந்தது. வள்ளி அவள் கண்ணைப் பிரித்துப் பார்த்தாள். கருமணி ஊசிமுனையாகச் சுருங்கியிருந்தது. நெஞ்சில் கை வைத்தாள். ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவே இடைவெளி நீண்டுகொண்டே போனது. டாக்டரம்மா சொன்ன வார்த்தை அவளுக்கு அப்படியே ஞாபகம் வந்தது.

வேலுசாமி ரோட்டுக்கு ஓடினான். திண்டுக்கல் போகிற வெங்காய லாரி ஒன்று நின்றது. மூட்டைகளுக்கு நடுவே அவளைச் சாய்த்து உட்காரவைத்தார்கள். யாரும் கூப்பிடாமலே அய்யம்மாள் ஏறிக்கொண்டாள். வள்ளி அவள் முகத்தில் தண்ணீர் அடித்தாள், காதைத் திருகினாள். கூப்பிட்டால் ஒரு மூச்சு வந்தது, விட்டால் நின்றது. அதைக் கண்டதும் அய்யம்மாள் மகளின் தாடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"ஏத்தா பேச்சி, மூச்ச விடு. இன்னொண்ணு விடு. ஆத்தா சொல்றேன்ல, இன்னொண்ணு விடு."

திண்டுக்கல் வரைக்கும் அவள் வாய் ஓயவில்லை. தொண்டை கட்டிப்போய்க் குரல் காற்றாக வந்தபோதும் விடவில்லை. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, மூச்சுக்குக் குழாய் வைத்து, கூடவே ஆள் இருந்து பார்த்தார்கள். விடிந்து வெயில் ஏறியபோது பேச்சாயி கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டாள்.

பொம்மையனுக்கு விஷயம் தெரிந்து ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தார், உள்ளே வரவில்லை. இனி அந்தப் பிள்ளை கேட்டால் கொடுக்க வேண்டாம் என்று வேலுசாமி போய்ச் சொன்னான். அவர் தலையாட்டிவிட்டுப் போனார்.

ஊருக்குத் திரும்புமுன் வள்ளி இன்னொன்றையும் டாக்டரம்மாவிடம் கேட்டாள். அபினை நிறுத்தியாயிற்று, முதலில் வந்த அந்த வலி என்ன ஆகும்? அதற்கும் வைத்தியம் உண்டு, பழக்கமாக்காத மாத்திரை இருக்கிறது என்று அவர் எழுதிக் கொடுத்தார். அந்த மாசம் வலி வந்தபோது அய்யம்மாளே செங்கல்லைச் சூடாக்கித் துணியில் சுற்றி மகளின் வயிற்றில் வைத்தாள். பேச்சாயி பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். வலி குறையக் குறைய, தான் தூங்காமலே அது போகிறதே என்று அவளுக்கே வியப்பாக இருந்தது.

உடனே எல்லாம் சரியாகிவிடவில்லை. தூக்கம் திரும்பி வர வெகுநாள் ஆனது. எதைப் பார்த்தாலும் சலிப்பாக இருக்கிறது, சோறு மண்ணாக இருக்கிறது என்பாள். பிறகு பசி வந்தது. வந்தது என்றால் அப்படி ஒரு பசி. சோற்றுக்குத் தொட்டுக்கொள்கிற வெஞ்சனத்தைச் சட்டியோடு வழித்துத் தின்றாள். முதல் மழை விழுந்து நாற்று நடும் நாளில் மற்ற பெண்களோடு வயலில் இறங்கினாள்.

நாற்றங்கால் வரப்பில் இருவரும் தனியாக இருந்தபோது, இப்போதும் அந்த நினைப்பு வருகிறதா என்று வள்ளி கேட்டாள். பேச்சாயி பொய் சொல்லவில்லை.

"சில நாள் வருது மதினி. வந்தா செத்த நேரம் நிக்கும், அப்புறம் போயிரும்."

"எம்புட்டு நேரம் நிக்கும்?"

"அடுத்த தடவ வந்தா பாத்துச் சொல்றேன்" என்றாள் பேச்சாயி. சேற்றுக் கையை வாய்க்காலில் அலசிவிட்டு அடுத்த நாற்று முடியைப் பிரித்தாள்.