அறுபடக் கூடாத கண்ணாடி

ஜன்னல் சட்டத்தில் வைத்துப் பார்த்தபோது கண்ணாடி ஒரு விரல் அகலம் கூடுதலாக இருந்தது. கான்ட்ராக்டர் சஜி அலட்டிக்கொள்ளவில்லை. "விபினே, ஓரத்தக் கட் பண்ணு" என்றான். உதவியாள் விபின் அளவுகோலை வைத்துக் கண்ணாடி அறுக்கும் கட்டரால் ஒரு இழுப்பு இழுத்துத் தட்டினான். வேண்டாத ஓரம் நீளமாய்க் கையோடு வந்தது.

படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்த முனியாயிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கொச்சி மட்டாஞ்சேரியில் இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர் ஒட்டி நிற்கும் ஒடுக்கமான வீடு அவளுடையது. மாடிப்படி திரும்பும் இடத்தில் முழங்கால் உயரத்திலிருந்து ஜன்னல் வைத்தால்தான் வெளிச்சம். அவள் கணவர் ராஜப்பனுக்கு வலிப்பு உண்டு. போன வருஷம் அதே திருப்பத்தில் இரண்டு தடவை விழுந்தார். ஆகவே சஜியிடம் முதல் நாளே கறாராகச் சொல்லியிருந்தாள்: டஃபன்ட் கிளாஸ், சூடேற்றி உறுதியாக்கின கண்ணாடிதான் வேண்டும், உடைந்தாலும் ஆளைக் கிழிக்கக் கூடாது. சஜியும் தலையை ஆட்டினான். தலையாட்டுவதில் அவனுக்கு என்ன நஷ்டம்!

"சஜி, இது டஃபன்ட் இல்ல."

"சேச்சி, தோ மூலையில டஃபன்ட்னு எழுதியிருக்கு பாருங்க."

முனியாயி நகத்தால் சுரண்டினாள். எழுத்து ஸ்டிக்கரோடு உரிந்து வந்தது. "நெச டஃபன்ட்டுல இந்த முத்திரை கண்ணாடியிலயே பதிஞ்சிருக்கும். சொரண்டினா வராது."

"சேச்சி எப்போ இஞ்சினியர் ஆனீங்க?"

"கார்ப்பரேஷன்ல இருபத்திமூணு வருஷமா குப்பை அள்ளுறேன்டா. பள்ளுருத்தியில ஒருத்தன் டஃபன்ட் கண்ணாடிய அறுக்கப் பாத்தான். மொத்தமும் கல்லுப்பு மாதிரி கொட்டிப் போச்சு. நாந்தான் வாரினேன். அறுத்த பொறகும் முழுசா நிக்கிதுன்னா அது வெறும் கண்ணாடி."

விபின் தலையைக் குனிந்துகொண்டான். சஜி விடவில்லை. "இப்போ அறுக்குற மாதிரியும் கம்பெனி விட்டிருக்கு சேச்சி" என்று வாய் கூசாமல் புளுகினான். பக்கத்துத் தெருவில் வளர்ந்தவன். குப்பை அள்ளுகிறவளுக்கு இது போதும் என்று அவன் நினைத்துவிட்டதுதான் அவளைச் சுட்டது.

இனிப் பேசிப் பயனில்லை. கண்ணாடியைச் சுவரில் சாய்த்து, சாக்கைப் போர்த்தி, விபினின் சுத்தியலை வாங்கி ஒரே போடு போட்டாள். சாக்கை விலக்கியபோது துண்டுகள் நீள நீளமாய், கறிக்கடைக் கத்திகள் போலக் கிடந்தன.

"எடு. வெறுங்கையால எடு."

சஜி குனிந்தான். கை பாதியிலேயே நின்றுவிட்டது.

"ஒன் விரலுக்கே பயமா இருக்குல்ல? எங்க வீட்டுக்காரரு இது மேல மொகத்தோட விழணுமா?"

சஜி நிமிர்ந்தான். "மாத்தித் தரேன் சேச்சி. பதிஞ்ச முத்திரையோடயே கொண்டாரேன்" என்றான். பிறகு வழக்கம்போல, "இத மட்டும் வாரிப் போட்ருங்க. நீங்கன்னா பட்டுன்னு முடிச்சிருவீங்க."

முனியாயி படியில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். "ஊர்க் கண்ணாடியெல்லாம் நாந்தான் அள்ளினேன். இத அள்ள மாட்டேன். நீ கொண்டாந்தது, நீ அள்ளு."

கீழேயிருந்து ராஜப்பன் என்ன சத்தம் என்று கேட்டார். சஜி விபினைப் பார்த்தான். விபின் கட்டரைத் துடைக்க ஆரம்பித்திருந்தான். வேறு வழியில்லாமல் சஜி குந்தி உட்கார்ந்து, முதல் துண்டை இரண்டு விரலால் பிடித்தான்.

"பாத்து எடு" என்றாள் முனியாயி. "கிழிச்சிரும்."