ரீஜிஸ் கேட்காத ஹோம் ரன்

அக்டோபர் பதின்மூன்றாம் தேதி மழை பெய்தால் பிட்ஸ்பர்க்காரர்கள் குடையோடு வருவார்கள், குளிரடித்தால் போர்வையோடு வருவார்கள். வராமல் மட்டும் இருக்க மாட்டார்கள். பழைய பேஸ்பால் மைதானத்தை இடித்து எத்தனையோ காலமாகிவிட்டது. மிச்சம் இருப்பது நீளமான ஒரு செங்கல் மதில் துண்டு. அதன் முன்னால் மடக்கு நாற்காலிகளைப் போட்டுக்கொண்டு, 1960-இல் நியூயார்க்கோடு ஆடிய கடைசி ஆட்டத்தின் வானொலி வர்ணனையை முதல் பந்திலிருந்து ஒலிபெருக்கியில் போட்டுக் கேட்பார்கள். முடிவு எல்லோருக்கும் தெரியும். ஒன்பதாவது இன்னிங்ஸில் ஒன்பதுக்கு ஒன்பது என்று சமமாக நிற்கும். அப்போது விழுந்த ஒரே அடியில் பந்து மதிலைத் தாண்டியது, உலகப் பட்டம் ஊருக்கு வந்தது. அது தெரிந்திருந்தும் நகத்தைக் கடித்துக்கொண்டுதான் கேட்பார்கள்.

இந்த வருஷம் பெர்னி ஹுடாக் தன் கணவர் ரீஜிஸைப் பிடிவாதமாகக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். ஊரே கொண்டாடும் அந்த ஹோம் ரனை அவர் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. டிவியில் காட்டினால் எழுந்து சமையலறைக்குப் போய்விடுவார். "நான் கேட்டா டேப்லகூடத் தோத்துடுவோம்" என்று சிரிப்பார். அவளும் சிரித்துவிடுவாள். ஆனால் போன வருஷத்திலிருந்து அவருக்கு ஒவ்வொன்றாக மறந்துகொண்டு வந்தது. முதலில் சாவி, பிறகு வீட்டுக்கு வரும் வழி, பிறகு மகள் பெயர். எல்லாம் போவதற்குள் அந்த ஒன்றையாவது அவர் காதில் போட்டுவிட வேண்டும் என்று பெர்னிக்கு ஒரு வெறி.

"அடேய், ராசியில்லாதவனே!" என்று எழுந்து வந்தார் செட் நொவோட்னி. இரும்பு ஆலையில் ரீஜிஸோடு வேலை பார்த்தவர். "நீ வந்துட்டியா? போச்சு, இன்னைக்கு நியூயார்க்தான்டா ஜெயிக்கும்!"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். ரீஜிஸும் சிரித்தார். செட்டை அடையாளம் தெரிந்ததா என்பது பெர்னிக்குத் தெரியவில்லை.

"அன்னைக்கு நீ எங்க இருந்தேன்னு இவங்களுக்குச் சொல்லுடா," என்றார் செட். "முதல்ல நான் சொல்றேன். ஒன்பதுக்கு ஒன்பது. மாமா காரு, மாமா ரேடியோ. நேரா சுரங்கப்பாதைக்குள்ள விட்டாரு பாரு! ரேடியோ செத்துப் போச்சு. அந்தப் பக்கம் வெளிய வந்தா, ஒரு பாதிரியாரு நடுரோட்டுல டான்ஸ் ஆடிக்கிட்டிருக்காரு. சாகுற வரைக்கும் மாமாவை நான் மன்னிக்கல."

"நான் சலூன்ல ஷேவிங் பண்ணிக்கிட்டிருந்தேன்," என்றார் பின்னால் இருந்த ஒருவர். "பாதி முகம் சோப்போட தெருவுக்கு ஓடினேன். மீதிப் பாதியை மறுநாள்தான் எடுத்தேன்."

எல்லோரும் ரீஜிஸைப் பார்த்தார்கள். காலையில் சாப்பிட்டதை மறந்துவிட்ட மனிதர், கடகடவென்று சொன்னார்.

"ஸ்கூல் விட்டு வந்து வீட்டுக்குள்ள காலை வச்சேன். ஆறாவது இன்னிங்ஸ். நியூயார்க்காரன் அடிக்க ஆரம்பிச்சான். எட்டாவதுல அம்மா குப்பையைக் கொட்டிட்டு வரச் சொன்னா. நான் கொல்லைக்குப் போனேன், நம்மாளுங்க அஞ்சு ரன்! திரும்பி வந்து உட்கார்ந்தேன், ஒன்பதுக்கு ஒன்பது. அப்பா எந்திரிச்சாரு. 'பீடை, வெளிய போடா! நான் கூப்பிடுற வரைக்கும் உள்ள வராத!'ன்னு கொல்லைப்பக்கம் தள்ளிக் கதவைச் சாத்தினாரு. அப்புறம் என்ன? பந்து பறந்துடுச்சு. அப்பா என்னைத் தோள்ல தூக்கிக்கிட்டுத் தெரு முழுக்கச் சுத்தினாரு. கோப்பையை வாங்கிக் கொடுத்தது நான்தான்யா!"

கைதட்டல். செட் ரொட்டிக்குள் கில்பாசா சாசேஜ் வைத்து அவர் கையில் திணித்தார். கல்யாணமான நாளிலிருந்து பெர்னி கேட்ட கதைதான். இன்று ஒரு சொல்கூடப் பிசகவில்லை என்பதில் அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது.

ஒலிபெருக்கி கரகரத்தது. ஆட்டம் ஓடியது. ஆறாவது இன்னிங்ஸில் நியூயார்க் முன்னால் போனபோது ரீஜிஸ் ரொட்டியைக் கீழே வைத்தார். எட்டாவதில் ஐந்து ரன் வந்து கூட்டம் குதித்தபோது அவர் குதிக்கவில்லை. முழங்காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். பெர்னி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஒன்பதாவதில் ஆட்டம் சமமானது. ரீஜிஸ் எழுந்து நின்றார்.

"நான் வெளிய போறேன்."

"இதுவே வெளிதான்யா. உட்காரு. இன்னும் ரெண்டே நிமிஷம்," என்றாள் பெர்னி.

"நான் இருந்தா தோத்துடும்."

"டேய், அது டேப்புடா!" என்றார் செட். "உட்காருடா, எருமை!"

சிலர் சிரித்தார்கள். பெர்னி கையை இழுத்தாள். அவர் உதறினார். அவள் அறிந்த ரீஜிஸின் உதறல் அல்ல அது. அடி விழுமோ என்று பயந்த பிள்ளையின் உதறல். நாற்காலிகளை இடித்துக்கொண்டு வேகமாக நடக்கத் தொடங்கினார். அவருக்குப் பின்னால் வர்ணனையாளரின் குரல் ஏறிக்கொண்டிருந்தது.

பெர்னி ஒரு கணம் நின்றாள். நான்கு பேரைக் கூப்பிட்டால் பிடித்து உட்கார வைத்துவிடலாம். செட் எழுந்துகூட விட்டார். வேண்டாம் என்று அவரிடம் தலையசைத்துவிட்டு, கணவரின் பின்னால் ஓடினாள்.

பக்கத்திலிருந்த நூலகக் கட்டடத்தின் பின்புறம், குப்பைத் தொட்டிகள் இருந்த இடத்தில் அவர் நின்றிருந்தார், சுவரைப் பார்த்தபடி. அங்கே வர்ணனை கேட்கவில்லை. பெர்னி மூச்சு வாங்க அருகில் போய் நின்றபோது, தூரத்தில் கூட்டம் வெடித்தது. விசில், கூச்சல். யாரோ மணி அடித்தார்கள்.

அவள் கூட்டி வந்த காரியம் நடக்காமலே போயிற்று. இனி அடுத்த அக்டோபர். அடுத்த அக்டோபரில் இவர் எப்படி இருப்பாரோ!

"ஜெயிச்சுட்டோமா?" என்றார் ரீஜிஸ், திரும்பாமலே.

"ஜெயிச்சாச்சு. வா, போகலாம்."

"அப்பா கூப்பிடட்டும்."

"கூப்பிட்டாரே. அதான் தோள்ல தூக்கிக்கிட்டுச் சுத்தினாரே."

ரீஜிஸ் இல்லையென்று தலையாட்டினார். "யாரும் கூப்பிடல. எல்லாரும் முன்வாசல் வழியா ஓடிட்டாங்க. அப்பா, அம்மா, அக்கா, எல்லாரும். இந்தக் கதவு பூட்டியிருக்கு. தட்டித் தட்டிப் பார்த்தேன்." அவர் முஷ்டியை மடக்கிக் காட்டினார். "சர்ச்சுல மணி அடிக்குது. காரெல்லாம் ஹார்ன் அடிக்குது. யாரு அடிச்சான்னுகூட எனக்குத் தெரியல."

பெர்னி கேட்டாள்: "அப்புறம்?"

"இருட்டினப்புறம் வந்தாங்க. 'ஊரே தெருவுல இருந்துச்சு, நீ எங்கடா தொலைஞ்சே?'ன்னு அப்பா கேட்டாரு. என்னை வெளிய போகச் சொன்னதே அவருக்கு ஞாபகமில்ல."

இத்தனை வருஷமும் மதுக்கடையில், கல்யாண விருந்தில், ஆலை வாசலில் அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்திருக்கிறார். தோளில் தூக்கிய அப்பாவை அவராகவே உண்டாக்கி வைத்திருந்திருக்கிறார். எல்லாம் மறந்துபோகும்போது அந்தப் பொய்யும் மறந்து, உண்மை மட்டும் தனியாக நிற்கிறது. தோளில் தூக்கின இடம் வரும்போதெல்லாம் அவர் ஏன் கிளாஸை எடுத்து வாயில் வைத்துக்கொள்வார் என்று அவள் ஒருநாளும் யோசித்ததில்லை.

"வா ரீஜிஸ். குளிருது."

அவர் திரும்பி அவளைப் பார்த்தார். மரியாதையான, அந்நியமான பார்வை.

"நீங்க யாரு?"

பெர்னி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பக்கத்து வீடு."

"உங்க வீட்ல ரேடியோ இருக்கா?"

"இருக்கு. ஓடிக்கிட்டிருக்கு."

"அப்ப நான் வரக்கூடாதுங்க. நான் வந்தா தோத்துடும்."

"தோத்தா தோத்துட்டுப் போகுது," என்றாள் பெர்னி. "நீ உள்ள வா."

ரீஜிஸ் இரண்டு காலணிகளையும் புல்லில் நன்றாகத் துடைத்துக்கொண்டு, அவள் பின்னால் வந்தார்.