கலியாணசுந்தரம் மாட்டிய பலகை

எதிர்வீட்டுக் கலியாணசுந்தரம் கூலிக்குத் தறி நெய்பவர். மகளுக்கு வரன் தேடும் ஜம்பத்தில் வாசலில் ‘கே.எஸ். சில்க்ஸ்’ என்று பலகை மாட்டினார். வரன் வரவில்லை, சொத்துவரி அதிகாரி வந்தார். பலகையைப் பார்த்ததும் கடை என்று எழுதப் போனார். கடைக்கு வரி அதிகம். நான் ஜன்னலோரம் நகர்ந்தேன்.

“கூலிக்கு நெய்ற வூட்டுக்குக் கடை வரியா? நல்லாருக்குது சார் நியாயம்!” என்றாள் கலியாணசுந்தரத்தின் மனைவி கமலவேணி.

“கடை இல்லையா? அப்ப தறியில இருக்கிற புடவை?”

“பட்டு, ஜரிகை எல்லாம் முதலாளியோடது சார். அறுத்ததும் அவருகிட்ட போயிடும்.”

அதிகாரி சிரித்துக்கொண்டே வீடு என்று எழுதினார். கமலவேணிக்கு உயிர் வந்தது. அதிகாரி தெருமுனை திரும்புமுன்பே ஸ்டூலில் ஏறிப் பலகையைக் கழற்றினாள்.

“சில்க்ஸை மட்டும் அழிச்சிட்டு, பேரை வுட்டுடேம்மா” என்று கெஞ்சிக்கொண்டிருந்தார் கலியாணசுந்தரம்.