எங்கே பிசைந்த மாவு

பேக்கரிக்காரம்மாவுக்கு வந்தது லேசில் அடங்குகிற கோபமில்லை. வெளிநாட்டு ரொட்டிக்கு வரி போடவேண்டும் என்று கால் தேய அலைந்து, இருநூறு பேக்கரிகளில் கையெழுத்து வாங்கியவள் அவள். வரியும் வந்தது. இரண்டே மாதத்தில் அதே ரொட்டி, அதே பெரிய கடையில், ‘உள்நாட்டுத் தயாரிப்பு’ என்று நெற்றியில் ஒட்டிக்கொண்டு ஜம்மென்று உட்கார்ந்திருந்தது.

விசாரித்தால், மாவை வெளிநாட்டிலேயே பிசைந்து, உருட்டி, உறையவைத்துக் கப்பலில் அனுப்புகிறார்களாம். துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கொட்டகையில் சுட்டு எடுப்பதோடு சரி. உறைந்த மாவுக்கு வரி கிடையாது.

“விட்டுத் தள்ளு. நம்மால ஆகுற காரியமா இது?” என்றார் கணவர், மாவுக் கையோடு.

“அத்தனை பேருக்கும் வாக்குக் குடுத்தது நான்ங்க. அவங்க மூஞ்சில எப்படி முழிக்கிறது?”

பெரிய கடையில் அந்த ரொட்டியில் ஒரு பாக்கெட்டை வாங்கிக்கொண்டு நேரே வரி அலுவலகத்துக்குப் போனாள். அதிகாரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இங்க சுட்டதுதானேம்மா? அப்போ இது நம்ம ரொட்டி.”

“அங்க போட்ட முட்டையை இங்க ஆம்லெட் ஊத்தினா, கோழி நம்ம கோழியா சார்?”

பக்கத்து மேசைகளில் சிரிப்பு. அதிகாரியின் முகம் கறுத்தது. “சட்டத்துல ரொட்டின்னுதான் இருக்கு. மாவுன்னு இல்ல.”

“சரி, சொன்னதை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க.”

“எழுத்துல எல்லாம் தர முடியாது.”

“வாயால சொல்ல முடியுது, கையால எழுதக் கூசுதா? அப்போ இது அநியாயம்னு உங்களுக்கே தெரியுது!”

காலையில் நாற்காலியில் உட்கார்ந்தவள், அவர் சாப்பிட்டு வந்தபோதும் அங்கேயே இருந்தாள். அலுவலகம் மூடும் நேரத்தில், தொல்லை விட்டால் போதும் என்று இரண்டு வரி கிறுக்கிக் கொடுத்தார். மறுநாளே அதன் நகல் இருநூறு பேக்கரிகளின் கண்ணாடியிலும் ஒட்டப்பட்டது. வாடிக்கையாளர்கள் நின்று படித்தார்கள். பத்திரிகைக்காரர்கள் படம் பிடித்தார்கள். மேலிடத்திலிருந்து அதிகாரியிடம் விளக்கம் கேட்டார்கள்.

நான்கு மாதம் கழித்து உத்தரவு வந்தது. மாவு எங்கே பிசைந்தது என்று உறையில் கொட்டை எழுத்தில் போடவேண்டும். வரி பற்றி மட்டும் மூச்சில்லை.

“இனிமேலும் அதைத்தான் வாங்குவாங்க, பாரு,” என்றார் கணவர்.

“தெரிஞ்சு வாங்குறவங்களை நான் ஏன் தடுக்கப்போறேன்? தெரியாம வாங்க வச்சானே, அதுதான் வயித்தெரிச்சல்.”

“அப்போ மாவுக்கு வரி?”

“திங்கக்கிழமை போறேன். இந்தத் தடவை நீங்களும் வாங்க, ரெண்டு நாற்காலி பிடிப்போம்.”