ஒன்பது மீற்றர் அறுபது

அம்புறோஸின் வீட்டில் மிக நீளமான நேர்கோடு கழிப்பறை ஜன்னலில் தொடங்கி, கூடத்தைக் கடந்து, மடு மாதாவின் படத்தில் முடிந்தது. ஆறு மீற்றர் நாற்பது. மூலைக்கு மூலை அளந்தால் ஆறு ஐம்பத்தைந்து தேறும். ஆனால் அதற்குக் குளிர்சாதனப் பெட்டியின் கதவைத் திறந்து, உள்ளே தலையை விட்டுக்கொண்டு நிற்க வேண்டும். இரண்டு நாட்களில் பதினேழு தடவை அளந்து பார்த்துவிட்டார். வீடு வளரவில்லை.

அவருக்கு வேண்டியது பத்து மீற்றர்.

"இஞ்சேருங்கோ," என்றாள் மனைவி மரியமலர். "கொரோனாவிலை சனம் கேக் அடிக்குது, தலைமயிர் வெட்டிப் பழகுது. நீங்கள் ஏன் வீட்டை அளக்கிறியள்? விக்கப் போறியளோ?"

"வாடகை வீட்டை எப்பிடி விக்கிறது?"

"அதைத்தான் நானும் கேக்கிறன்."

அம்புறோஸுக்கு ஐம்பத்திரண்டு வயது. மன்னார்க்காரர். பிரெஞ்சுத் தலைநகரில் தமிழர் கடைகள் நிறைந்த லா சப்பலுக்கு வந்து இருபத்துநான்கு வருடம். வேலை ஒரு பிரெஞ்சு உணவகத்தின் சமையலறையில். மார்ச் நடுவில் உணவகம் மூடப்பட்டது. அதற்காக அவர் வருந்தவில்லை. அதே வாரத்தில் இன்னொன்றும் மூடப்பட்டது. லெ பிளாங்-மெனில் புறநகரில், ஒரு பழைய விளையாட்டு மண்டபத்தின் நிலவறையில் இருந்த சுடும் கழகம். அதுதான் அவரை முறித்துப் போட்டது.

ஏழு வருடமாக ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அங்கேதான் போவார். அவர் சுடுவது காற்றுத் துப்பாக்கி. வெடிமருந்து கிடையாது. அமுக்கிய காற்று ஒரு சின்ன ஈயத் துண்டைத் தள்ள, அது பத்து மீற்றருக்கு அப்பால் கடதாசியில் ஓட்டை போடும். சத்தம் சோடாப் போத்தல் திறப்பதைவிடக் கொஞ்சம் குறைவு. கழகத்தில் இருந்தவர்களும் அப்படித்தான், சத்தமில்லாத மனிதர்கள்: ஓய்வுபெற்ற பஸ் சாரதி ஒருவர், பல் வைத்தியர் ஒருவர், தபால் பட்டுவாடா செய்யும் பெண் ஒருத்தி. ஒரு காலைப்பொழுது முழுவதும் துப்பாக்கியின் கைப்பிடியைப் பற்றி மட்டுமே பேசக்கூடியவர்கள்.

முடக்கம் வந்ததும் அந்தச் சமூகம் வாட்ஸப்புக்கு இடம்பெயர்ந்தது. முதல் வாரம் எல்லோரும் துடைத்து மினுக்கிய துப்பாக்கிகளின் படம் போட்டார்கள். இரண்டாம் வாரம் அதே துப்பாக்கிகளை மறுபடி துடைத்துப் படம் போட்டார்கள். மூன்றாம் வாரம் பஸ் சாரதி தன்னுடையதை முழுவதுமாகக் கழற்றிவிட்டு, கையில் ஒரு சுருள்வில்லைப் பிடித்தபடி, இது எங்கே போகும் என்று யாருக்காவது தெரியுமா என்று கேட்டார். பல் வைத்தியர் இருபத்தைந்து டப்பா ஈயத் தோட்டா வாங்கிப் பதுக்கியது வெளியே வர, சுயநலம், சமூகப் பொறுப்பு என்று இரண்டு நாள் சண்டை நடந்தது. ஒருவருக்கும் சுட இடம் இல்லை என்பதைச் சண்டையின் முடிவில்தான் கண்டுபிடித்தார்கள்.

ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் தலைவி ஜெர்மேன் ஒரு செய்தி போட்டார். அவர் ஓய்வுபெற்ற கணித ஆசிரியை. செய்தியும் பரீட்சை வினாத்தாள் மாதிரியே இருந்தது. கழக அணியின் நான்காவது ஆள் முடக்கத்துக்குப் பயந்து கடற்கரைக் கிராமம் ஒன்றுக்குப் போனவர், இனித் திரும்புவதில்லை என்று அறிவித்துவிட்டார். அவருடைய இடத்துக்கு இரண்டு பேர்: அம்புறோஸ், அலெக்சிஸ். வருகிற ஞாயிறு பதினொரு மணிக்கு வீடியோவில் போட்டி. நாற்பது தோட்டா. தூரம் பத்து மீற்றர், அளவுநாடா கமராவில் தெரிய வேண்டும்.

அம்புறோஸ் நான்கு வருடமாக மாற்று ஆள். மாற்று ஆளின் வேலை, அணி சுடும்போது அவர்களுடைய பைகளைப் பார்த்துக்கொள்வதும், மரியமலர் பொரித்துக் கொடுத்த மீன் றோல்ஸை இடைவேளையில் பரிமாறுவதும். றோல்ஸுக்கு நல்ல பெயர் இருந்தது. அவருக்கு என்ன பெயர் என்று பல் வைத்தியருக்கு இன்னும் நிச்சயமில்லை.

அலெக்சிஸுக்கு இருபத்தெட்டு வயது, அப்பாவுக்குக் கார்க்கொட்டகையோடு வீடு. கொட்டகை பதினான்கு மீற்றர். ஆறு மீற்றரில், அதே விகிதத்தில் சிறிதாக்கிய இலக்கைச் சுடலாமா என்று அம்புறோஸ் குழுவில் கேட்டதற்கு அவன்தான் பதில் போட்டான்: "அப்படியானால் மரதனைப் பல்கனியில் ஓடலாமே." தெற்கே யாரோ ஒருவர் உண்மையிலேயே பல்கனியில் மரதன் ஓடிச் செய்தியில் வந்திருந்தார். அம்புறோஸ் அந்தச் செய்தியை அனுப்பினார். ஜெர்மேன், "பத்து என்றால் பத்து" என்று முடித்துவைத்தார்.

அப்போதுதான் அவருக்கு வரதராசாவின் கடை நினைவுக்கு வந்தது. இரண்டு தெரு தள்ளி, மரக்கறியும் அரிசியும் விற்கிற கடை. அதன் பின்னால், சுவருக்குச் சுவர் நேராக ஓடும் ஒரு களஞ்சிய ஒழுங்கை. இரண்டு வருடத்துக்கு முன் சாமான் இறக்க உதவப் போனபோது, பழக்கதோஷத்தில் அளந்திருந்தார். பதினொரு மீற்றர் முப்பது.

வெளியே போவதற்கு ஒரு படிவம் நிரப்பிக் கையெழுத்து வைத்துக்கொண்டு போகவேண்டிய காலம் அது. அம்புறோஸ் 'அத்தியாவசியக் கொள்வனவு' என்ற கட்டத்தில் புள்ளடி போட்டார். படிவம் பொய்யாகிவிடக் கூடாது என்பதற்காக, போனவுடன் முதலில் ஒரு கட்டு லீக்ஸ் எடுத்தார்.

"தம்பி வரதன், உம்மடை பின்பக்க ஒழுங்கையை ஞாயிற்றுக்கிழமை ஒரு மணித்தியாலம் தருவீரோ?"

"என்னத்துக்கு அண்ணை?"

"சுடுறதுக்கு."

வரதராசா இரண்டு சோடிக் கையுறைக்குள் இருந்த கையைத் தராசிலிருந்து எடுத்தார். "ஆரை?"

"ஒருத்தரையும் இல்லை. கடுதாசியை."

"கடுதாசிக்கு ஏன் அண்ணை துவக்கு? கத்தரிக்கோல் காணுமே."

அம்புறோஸ் விளக்கினார். காற்று, ஈயம், அனுமதி அட்டை, கழகம், நான்காவது இடம். வரதராசா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அதில் ஒரு சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டார்.

"உங்களிட்டைத் துவக்கு இருக்குது! இத்தினை வருசம் என்னட்டைக் கறிவேப்பிலை வாங்கிறியள், ஒரு வார்த்தை சொல்லேல்லை!"

சொல்லாததற்குக் காரணம் இருந்தது. லா சப்பலில் ஒரு தமிழன் துவக்கு வைத்திருக்கிறேன் என்றால் ஐந்து கேள்வி வரும். அதில் ஒன்றுகூட விளையாட்டைப் பற்றி இராது.

ஒப்பந்தம் அங்கேயே முடிந்தது. அரிசிக்கு நிற்கிற வரிசை கட்டுக்கடங்கவில்லை, ஒருவர்மேல் ஒருவர் ஏறுகிறார்கள். ஞாயிறுவரை ஒவ்வொரு காலையும் அம்புறோஸ் வாசலில் நின்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

"நான் அதைக் கொண்டுவர மாட்டன்," என்றார் அம்புறோஸ்.

"ஐயோ வேண்டாம். இருக்குதெண்டு சனத்துக்குத் தெரிஞ்சாக் காணும்."

தெரிந்தது. வரதராசா இரண்டே பேருக்கு, அதுவும் இரகசியமாகத்தான் சொன்னார். மறுநாள் வரிசை பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி ஒரு மீற்றர் இடைவெளியில் வாய்பொத்தி நின்றது. அம்புறோஸ் ஒரு வார்த்தை பேசவில்லை. தும்ம வந்தவர்கள்கூட அவரைப் பார்த்து அடக்கிக்கொண்டார்கள். மூன்றாம் நாள் ஆட்கள் மெல்ல நெருங்கினார்கள், ஒரு மீற்றர் தள்ளி நின்றே.

"அண்ணை, எங்கடை பல்கனியிலை புறாத் தொல்லை. ஒருக்கா வந்து…"

"நான் கடுதாசிதான் சுடுறனான்."

"என்ரை பெடியன் வீட்டிலை நிக்கிறானில்லை. நீங்கள் சுட வேண்டாம், சும்மா வந்து காட்டிப்போட்டுப் போங்கோ."

"அக்கா, அது விளையாட்டுக்கு."

"விளங்குது, விளங்குது," என்று அந்த அக்கா கண்ணைச் சிமிட்டிவிட்டுப் போனாள். ஒருவருக்கும் எதுவும் விளங்கவில்லை என்பது அம்புறோஸுக்கு நன்றாக விளங்கியது. ஏழு வருடமாக மூச்சை அடக்கப் பழகியவர், இப்போது பல்லைக் கடிக்கப் பழகினார். ஒவ்வொரு நாளும் படிவத்தை உண்மையாக்க லீக்ஸ் வாங்கினார். வீட்டில் லீக்ஸ் வறை, லீக்ஸ் சம்பல், லீக்ஸ் போட்ட பருப்பு. சனிக்கிழமை மரியமலர் கோப்பையை மேசையில் வைத்த விதத்தில் ஒரு எச்சரிக்கை இருந்தது.

ஞாயிறு காலை ஒன்பதேகாலுக்கு, பூட்டிய பெட்டியில் துப்பாக்கியும் சட்டைப்பையில் அனுமதி அட்டையுமாகக் கடைக்குப் போனார். வரதராசா பல்லெல்லாம் தெரிய நின்றார்.

"அண்ணை, ஆறு நாளா வராத லொறி நேற்றுப் பின்னேரம் வந்திட்டுது!"

ஒழுங்கை நிறைய அரிசி. இருபது கிலோ மூட்டைகள், கூரைவரை. மிஞ்சியிருந்தது ஏழு மீற்றர் இருபது.

"ஏழு காணாதோ அண்ணை? ஒரு ஆளைச் சுட அது தாராளம்."

மூட்டைகளைத் தூக்கி வைக்கலாம். ஆனால் பத்து மூட்டை தூக்கிய கை அன்று முழுவதும் நடுங்கும். நடுங்கும் கையோடு கடதாசியை அல்ல, கதவைச் சுடவும் முடியாது. வரதராசாவுக்கு முள்ளந்தண்டில் வட்டு விலகியிருந்தது. ஒரே வழிதான். அம்புறோஸ் வாசலுக்குப் போய், ஐந்து நாளில் முதல் தடவையாக வரிசை முழுவதற்கும் கேட்கக் குரல் கொடுத்தார்.

"இண்டைக்கு வீட்டுக்கு ஒரு மூட்டை எண்டு இல்லை. ரண்டு, மூண்டு, விருப்பமானதை எடுங்கோ. கெதியா எடுங்கோ."

வரிசை கணக்குப் போட்டது. துவக்குக்காரனே கெதியாய் எடு என்கிறான் என்றால் அவனுக்கு ஏதோ தெரியும். நாளைக்குக் கடைகள் மூடப் போகிறார்கள். இராணுவம் வருகிறது. கைத்தொலைபேசிகள் வெளியே வந்தன. பத்து மணிக்குள் வரிசை தெருமுனை திரும்பிவிட்டது. பத்தரைக்குத் தூரத்துப் புறநகரான ஓல்னே-சூ-புவாவிலிருந்து ஒரு குடும்பம் காரில் வந்து இறங்கி, எந்தக் கட்டத்தில் புள்ளடி போட்டு வந்தார்கள் என்று கேட்க யாருக்கும் நேரம் கொடுக்காமல், ஆறு மூட்டையோடு போனது. அம்புறோஸ் ஒவ்வொரு மூட்டையும் வெளியேறுவதைச் சென்ரிமீற்றரில் பார்த்தார். எட்டு. எட்டரை. ஒன்பது.

பத்து நாற்பத்தைந்துக்குக் கடைசி மூட்டை போனது. அதற்குப் பின்னால் ஓர் ஆள் உயரத்துக்கு மேல், ஒழுங்கையின் அகலம் முழுவதையும் அடைத்துக்கொண்டு, இரட்டைக் கதவுப் பிறீசர் ஒன்று உறுமிக்கொண்டு நின்றது.

"இது என்ன?"

"ஓ, அதுவோ. முடக்கம் தொடங்கேக்கை வாங்கினது. சனம் மீன் பதுக்குமெண்டு நினைச்சன், அது அரிசியைப் பதுக்குது. உள்ளுக்கை முந்நூறு கிலோ பாரை கிடக்கு."

"வெளியிலை எடுப்பமோ?"

"மீன் உருகிப்போடும் அண்ணை!"

அம்புறோஸ் இலக்கையும் தோட்டா பிடிக்கும் இரும்புப் பெட்டியையும் பிறீசரோடு ஒட்டி வைத்தார். மறுமுனையில் தன் முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றார். வயிற்றை உள்ளே இழுத்தார். வயிற்றுக்கும் தூரத்துக்கும் சம்பந்தம் இல்லை என்று தெரிந்தும் இழுத்தார். ஒன்பது மீற்றர் அறுபது.

"நாப்பதுதானே?" என்றார் வரதராசா. "நாடாவின்ரை முனையை நான் பிடிக்கிறன். பெட்டிக்குப் பின்னாலை நாப்பது மடிஞ்சு கிடந்தா ஆருக்குத் தெரியும்? நீங்கள் ரெலிபோனைக் காலடிப் பக்கம் திருப்புங்கோ."

அம்புறோஸ் நாடாவைத் தன் காலடிவரை இழுத்தார். தேங்காய்ப்பால் ரின்களின் மேல் தொலைபேசியைச் சாய்த்து வைத்தார். திரையில் ஜெர்மேனின் சமையலறை வந்தது, அலெக்சிஸின் கொட்டகை வந்தது. அவருடைய சப்பாத்து நுனியில் நாடா பத்து காட்டியது.

"பத்து மீற்றர்தானே, அம்ப்ருவாஸ்?" என்று அவருடைய பெயரைப் பிரெஞ்சு உச்சரிப்பில் சொல்லி ஜெர்மேன் கேட்டார்.

"பத்து மீற்றர், மதாம்!" என்று ஒழுங்கையின் மறுமுனையிலிருந்து, வெண்டைக்காய் விலை சொல்லும் குரலில், வரதராசா கத்தினார்.

வரதராசா இலக்கை விட்டு விலகி வந்ததும் அம்புறோஸ் சுட்டார். வெளியே வரிசை இரைந்தது, பிறீசர் உறுமியது, யாரோ ஒருத்தி வெங்காயம் முடிந்ததற்கு வரதராசாவின் பரம்பரையைத் திட்டினாள். நாலு வருடக் காத்திருப்பு அவருடைய ஆட்காட்டி விரலில் வந்து அமைதியாக உட்கார்ந்திருந்தது. நாற்பது தோட்டா. ஒவ்வொரு கடதாசியையும் கமராவுக்கு முன்னால் பிடிக்க, ஜெர்மேன் இரண்டு தடவை கூட்டினார்.

"அலெக்சிஸ், முந்நூற்றைம்பத்தாறு. அம்ப்ருவாஸ், முந்நூற்றைம்பத்தேழு. அணிக்கு வரவேற்கிறோம்."

"அழகாகச் சுட்டீர்கள்," என்றான் அலெக்சிஸ். சிரித்துக்கொண்டு, உண்மையாகவே சொன்னான். அவன் ஏதாவது குத்தலாகச் சொல்லியிருந்தால் எவ்வளவு வசதியாக இருந்திருக்கும்.

அம்புறோஸ் கடதாசிகளைப் பார்த்தார். மூன்று ஓட்டைகள் பத்துப் புள்ளி தரும் நடுவட்டத்தின் கோட்டை மட்டுமட்டாகத் தொட்டுக்கொண்டிருந்தன. நாற்பது சென்ரிமீற்றர் கிட்ட நின்றால் நடுவட்டத்தில் அரை மில்லிமீற்றர் சலுகை. அந்த மூன்றில் எது அரை மில்லிமீற்றரில் தப்பியது, எது சொந்தக் காலில் நின்றது? ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம். மூன்றுமாகவும் இருக்கலாம். இனி ஆயுள் முழுக்க அளந்தாலும் தெரியப் போவதில்லை. அதுதான் அவருக்குப் பொறுக்க முடியவில்லை.

"மதாம் ஜெர்மேன்," என்றார். "ஒன்பது மீற்றர் அறுபது."

திரையில் ஜெர்மேன் தான் எழுதிவைத்திருந்த கூட்டுத்தொகையைக் கோடு போட்டு வெட்டினார். 

"சொன்னதற்கு நன்றி," என்றார். "அப்படியானால் அலெக்சிஸ். மாற்று ஆள் இடம் உங்களுக்கு அப்படியே இருக்கிறது."

வரதராசாவுக்குத் தாங்கவில்லை. "நாப்பது சென்ரிமீற்றருக்கோ அண்ணை? இவ்வளவு முக்கியமெண்டு சொல்லியிருந்தா மீனைத் தூக்கி வெளியிலை வைச்சிருப்பனே!"

"கேட்டனான்."

"நீங்கள் மெல்லமாக் கேட்டியள்!"

வீட்டில் மரியமலர் தொலைக்காட்சிப் பூசை முடிந்து எழும்பிக்கொண்டிருந்தாள். அவர் கையில் லீக்ஸ் இல்லாததைப் பார்த்து அவள் முகம் தெளிந்தது. பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள்.

"அணியிலை எடுக்கேல்லையோ?"

"எடுத்தவை. பேந்து விட்டிட்டினம்."

"ஏன், பிழையாச் சுட்டியளோ?"

"இல்லை. வடிவாத்தான் சுட்டன். தூரம் காணாமல் போச்சு. நான்தான் சொன்னன்."

 மரியமலர் கதிரையை இழுத்துப் போட்டாள். "நீங்களாச் சொல்லிப்போட்டு, பேந்து ஏன் மூஞ்சையை உப்பிடி வைச்சிருக்கிறியள்? கோவம் ஆரோடை?"

அம்புறோஸ் ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தார். ஜெர்மேன் விதியைத்தான் சொன்னார். அலெக்சிஸ் நல்லாய்த்தான் சுட்டான். வரதராசா உதவத்தான் பார்த்தார். மிச்சம் அவருடைய சட்டைக்குள்ளேயே இருந்த ஒருவர்தான். அவரோடு அதே இருபத்தெட்டு சதுர மீற்றருக்குள் இன்னும் எத்தனை வாரம் அடைபட்டுக் கிடக்க வேண்டுமோ தெரியாது.

"பிறீசரோடை," என்றார்.