திரும்பி வருவோர் எத்தனை பேர்?

இரண்டே நாள். சனிக்கிழமைக்குள் அந்தக் கம்ப்யூட்டர்ப் பெட்டி ஒழுங்காக ஓடாவிட்டால் திங்கட்கிழமை ஸ்ரெல்லாவுக்கு வேலை இல்லை.

"லண்டனிலை சின்னப் பிள்ளையளும் உதைப் பாவிக்குதுகள். உனக்கு ஏலாதெண்டால் வேறை ஆளைப் பாப்பன்," என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார் எட்வேர்ட் முதலாளி.

கொழும்புத்துறையில் அவருடைய ஐஸ் தொழிற்சாலை. ஆறு வருடமாக அங்கே ஐஸ் கொடுப்பவள் ஸ்ரெல்லா. கடலுக்குப் புறப்படுகிறவர் யன்னலடிக்கு வருவார். அவருடைய வள்ளத்தில் எத்தனை எண்ணெய்க் கலன் ஏறியிருக்கிறது என்று இவள் எட்டிப் பார்ப்பாள். ஒன்று என்றால் கிட்ட. மூன்று என்றால் தூரம். அதற்கேற்ற ஐஸுக்குப் பென்சிலால் துண்டு எழுதிக் கொடுப்பாள். கேள்வியே கிடையாது. அரை மணித்தியாலத்தில் நாற்பது வள்ளம்.

1982இலும் இப்படியோர் அநாகரிகமா என்று மனம் நொந்தான் அன்புராஜா. முதலாளியின் தங்கை மகன். லண்டனில் இரண்டு வருடம் கம்ப்யூட்டர் படித்தவன். டெலிவிஷனோடு பொருத்திய பெட்டியொன்றைக் கொண்டுவந்து அவள் மேசையில் வைத்தான். புரோகிராம் அவனே எழுதியது.

வியாழன் பின்னேரம். முதல் ஆள் சூசைதாசன்.

"பிள்ளை, கெதியாத் தா. காத்து மாறப் போகுது."

திரையில் பச்சை எழுத்து மினுங்கியது: எங்கே போகிறீர்?

வெளிக்கிடுகிறவரை 'எங்கே' என்று கேட்டால் போகிற காரியம் விளங்காது. படியிறங்குகிற ஆளிடம் 'துலைக்கோ?', தூரப் பயணமோ, என்று சுற்றிவளைத்து விசாரிக்கிற ஊர் இது. கடலுக்குப் போகிறவரிடம் அதையும் கேட்கமாட்டார்கள். கேள்வியைத் தாண்டிப் போகலாமென்று ஸ்ரெல்லா ஒரு பொத்தானைத் தட்டினாள். பெட்டி 'கீ' என்று அலறியது. இன்னொன்று. இன்னும் பெரிய 'கீ'. வேறு வழியில்லை, கேட்டாள்.

சூசைதாசனின் முகம் கறுத்தது. "வெளிக்கிடேக்கை கேக்கிற கேள்வியே உது?"

தோளில் கிடந்த கயிற்றை நிலத்தில் போட்டார். நேரே வீட்டுக்கு நடந்தார். வரிசையில் நின்றவர்களும் ஒவ்வொருவராகக் கழன்றார்கள். அன்று ஏழு வள்ளம் ஐஸ் இல்லாமலே போனது. மற்றதெல்லாம் கரையில். உருகிய ஐஸ் தொழிற்சாலை வாசல் ஒழுங்கை நீளத்துக்கு ஓடியது.

"அந்தக் கேள்வியை எடுத்துவிடுங்கோ, தம்பி."

"மெஷினிலை பிழையில்லை அக்கா. ஆக்களிலைதான் பிழை."

அன்புராஜா குறிப்புப் புத்தகத்தில் எழுதினான்: 'இயக்குபவருக்குப் பயிற்சி போதாது.'

ஆனாலும் வெள்ளிக்கிழமை முழுக்க உட்கார்ந்து திருத்தினான். எழுத்தைப் பெரிதாக்கினான். அலறலைக் கூட்டினான். உச்சியில் ஒரு 'வணக்கம்' போட்டான். புதிதாக மூன்று கேள்விகளும் சேர்த்தான்.

சனிக்கிழமை முதலாளியின் புது வள்ளத்துக்கு முதல் ஓட்டம். சுவாமியார் தீர்த்தம் தெளித்தாயிற்று. வெடி கொளுத்தியாயிற்று. ஏறப்போகும் ஆறு பேரில் ஒருவன் முதலாளியின் ஒரே மகன். ஐஸ் எடுக்க முதலாளியே யன்னலடிக்கு வந்தார்.

ஸ்ரெல்லா கதிரையை விட்டு எழும்பினாள்.

"எனக்குப் பயிற்சி போதாதாம், முதலாளி. தம்பியே ஒருக்காச் செய்து காட்டட்டும்."

அன்புராஜா கொலரை இழுத்துவிட்டுக்கொண்டு அமர்ந்தான்.

"எங்கை போகினம், மாமா?"

எட்வேர்ட் சுருட்டைக் கடித்தார். "கடலுக்கடா!"

"எத்தினை பேர்?"

"ஆறு."

"திரும்பி வாறது எத்தினை பேர்?"

வள்ளத்தில் வைத்த காலை மகன் மெல்ல எடுத்தான்.

"ஆறு பேரும்தானடா!" முதலாளியின் குரல் உடைந்தது.

அன்புராஜா ஆறைத் தட்டினான். பெட்டி விடவில்லை. அடுத்த வரி மினுங்கியது.

"நிச்சயமோ, மாமா?"

முதலாளி பாய்ந்து உள்ளே வந்தார். சுவரோடு இருந்த வயரைப் பிடுங்கினார். 'கீ' பாதியில் செத்தது.

"ஸ்ரெல்லா! பென்சிலை எடு. திங்கட்கிழமை நேரத்தோடை வா."

வள்ளம் என்னவோ அன்று போகவில்லை.

ஒரு மாதம் கழிந்தது. லண்டனுக்குத் திரும்ப வெளிக்கிட்ட அன்புராஜா, மாமாவிடம் விடைபெற்றுச் சூட்கேசோடு காரடிக்கு வந்தான். ஐஸ் கொடுக்கும் யன்னலால் ஒரு தலை நீண்டது.

"எங்கை போறியள், தம்பி?"

அன்புராஜாவின் முகம் கறுத்தது. சூட்கேசைக் கீழே வைத்தான். உள்ளே போய்க் கதிரையில் இருந்து ஒரு கிளாஸ் தண்ணீர் குடித்துவிட்டு, புதிதாக வெளிக்கிட்டான்.

மிச்சக் கேள்விகளை ஸ்ரெல்லா கேட்கவில்லை. ரயிலுக்கு நேரமாகிவிடும், பாவம்.